பூவரசம்பூவும் மசாலா வடையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கற்பனைத் தீவொன்றில் ஓர் அரசியல் கட்சி தோன்றி, வளர்ந்து, தேய்ந்துபோவதைக் குறுநாவலாக எழுத முயன்றேன். கைப்பிரதியை வாசித்த நண்பர் நான்கு இடங்களில் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் "நம்பும்படியாக இல்லை" என்று எழுதித் திருப்பித் தந்தார். சிறையிலிருந்து தப்பும் தலைவர்களோடு சிறைக்காவலரும் சேர்ந்து ஓடுவது முதலாவது இடம். மக்கள் எழுச்சிக்கு அஞ்சிய அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற அந்நிய நாட்டுப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்துவது இரண்டாவது. இரண்டு மொழிகளுக்கும் சம இடம் கேட்டுக் காடையரிடம் அடிவாங்கிய கட்சியின் தலைவரே, பிற்பாடு ஒரு மொழியை மட்டும் அரசியலமைப்பில் எழுதி வைப்பது மூன்றாவது. நாட்டை ஒரு நாள் முழுவதும் அசையாமல் நிறுத்திவைத்த கட்சி பொதுத் தேர்தல் ஒன்றில் ஓர் ஆசனமும் பெறாமல் துடைத்தெறியப்படுவது நான்காவது. அந்தக் கைப்பிரதியில் நான் கற்பனை செய்யாத இடங்கள் அந்த நான்கு மட்டுமே. நான்கையும் இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்றிலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். நாவலைக் கைவிட்டுவிட்டேன். இந்தக் கட்டுரை அதன் மிச்சம்.

எனக்கு இந்தக் கட்சியின் பெயர் புத்தகங்களிலிருந்து வரவில்லை, பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். கட்சி உறுப்பினர் அல்லர், ஆனால் அதன் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேராவின் வரவுசெலவுத்திட்ட உரைகளைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு, வேறு வீடுகளில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பேசுவது போல மணிக்கணக்கில் பேசக்கூடியவர். 1972க்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கட்சிக்கு முன்பே பூ வந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் முதலாம் உலகப் போரின் நினைவாக இலங்கையில் பொப்பிப் பூ விற்பார்கள். திரளும் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகும். அதற்குப் போட்டியாக அதே நாளில் உள்ளூர்ப் பூவரசம்பூவை விற்கும் இயக்கம் 1930களின் தொடக்கத்தில் பிறந்தது. சிங்களத்தில் அதற்கு 'சூரிய மல்' என்று பெயர். வேலியோரத்தில் தானாக நின்று பூக்கும் ஒரு பூவை, பேரரசின் காகிதப் பூவுக்கு எதிராக நிறுத்தியவர்களின் அரசியல் சாதுரியத்தை இன்றும் வியக்கிறேன். அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்றவர்களுள் டொரீன் யங் விக்கிரமசிங்க என்ற ஆங்கிலேயப் பெண்ணும் இருந்தார்.

1934 இறுதியில் மலேரியா பரவியது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதால் நுளம்பு பெருகிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். கேகாலை மாவட்டக் கிராமங்கள் மிகவும் அடிபட்டன. பூ விற்ற இளைஞர்கள் மருந்தையும் பருப்பையும் சுமந்துகொண்டு அந்தக் கிராமங்களுக்குள் நடந்தார்கள். லண்டன் பொருளியல் கல்லூரியில் ஹரல்ட் லாஸ்கியிடம் படித்துக் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பியிருந்த என்.எம். பெரேராவுக்கு அங்கேதான் 'பருப்பு மகத்தயா' (பருப்பு ஐயா) என்ற பட்டம் கிடைத்தது. எதிரிகள் அதை ஏளனமாகச் சொன்னார்கள். றுவன்வெல்ல மக்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1935 டிசம்பர் 18ஆம் திகதி கொழும்பில் சில பத்துப்பேர் கூடி லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தபோது, அதற்கு மார்க்சியத்தைவிடப் பெரிய முதலாக அந்தப் பருப்பு இருந்தது. மறு ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் என்.எம். றுவன்வெல்லவிலும் வென்றார்கள்.

முன்னணியில் நின்றவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிலிப் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்தவர், கொல்வின் ஆர். டி சில்வா இலங்கையில் பிரித்தானிய ஆட்சி வேரூன்றிய வரலாற்றை ஆய்வு செய்து லண்டனில் கலாநிதியானவர், பிற்பாடு நாட்டின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞர்களில் ஒருவர். லெஸ்லி குணவர்தன பாணந்துறையின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. ஆங்கிலத்தில் சிந்தித்துச் சிங்களத்தில் பேசிய தலைமுறை அது. தமிழர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தவரான எஸ்.சி.சி. அந்தோனிப்பிள்ளை மலையகத்தில் தொழிற்சங்க வேலை செய்து, பிலிப்பின் சகோதரி கரோலைனை மணந்து, போர்க்காலத்தில் சென்னைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தியவரும், 1957இல் வடசென்னையிலிருந்து இந்திய மக்களவைக்குப் போனவரும் அவர்தான்.

இந்தக் கட்சி மலையகத் தோட்டங்களுக்குள் நுழைந்த விதம் ஒரு தனிக்கதை. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஆங்கிலேயர், தேயிலைத் தோட்டத்தில் 'சின்னத்துரை', அதாவது உதவித் தோட்ட அதிகாரி, வேலை பழக வந்தவர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு வேலையை இழந்து, சமசமாஜ மேடையில் ஏறினார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் அவர் பேசினார். இந்திய விடுதலைப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாயவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவரே துரைமாரின் குட்டை உடைத்தால் பொறுத்துக்கொள்வார்களா? 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேறும்படி பிரித்தானிய ஆளுநரான தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். கட்சி அவரை மறைத்துவைத்தது. பிறகு காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்தின் முன் மேடையேற்றியது. பொலிஸாரால் அங்கே அவரைத் தொட முடியவில்லை. பின்னர் கைதானபோது, உயர் நீதிமன்றம் தேசாதிபதியின் கட்டளை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பேரரசின் பிரதிநிதியை அதன் சொந்த நீதிமன்றத்திலேயே தோற்கடித்த கட்சி என்ற பெயர் இரண்டே ஆண்டு வயதான கட்சிக்குக் கிடைத்தது.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகி என்று இன்றும் அவரைத்தான் சொல்வார்கள். விசாரணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முல்லோயாவில் தோட்டத் தொழிலாளியின் விதவைக்காக எழுந்து நின்றவரும், முப்பது ஆண்டுகள் கழித்துத் தோட்டங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவரும் ஒருவரே.

அதே காலத்தில் கட்சி ஸ்டாலினைத் தலைவராக ஏற்றவர்களை வெளியேற்றி, ஸ்டாலினோடு பகைத்து நின்ற ரஷ்யப் புரட்சியாளர் திரொட்ஸ்கியின் பக்கம் நின்றது. வெளியேறியவர்கள் பிற்பாடு கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார்கள். போரை ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்ததற்காக 1940 ஜூனில் பிலிப், என்.எம்., கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் சிறைவைக்கப்பட்டனர். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து, 7ஆம் திகதி இரவு, அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து காவலர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். பிறகு கட்சித் தலைவர்கள் பலர் கடல் கடந்து இந்தியா சென்று, தலைமறைவாக இருந்தபடியே அங்குள்ள தோழர்களோடு சேர்ந்து இந்திய போல்ஷெவிக்-லெனினியக் கட்சியைக் கட்டி, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இறங்கினார்கள். 1943இல் பிலிப்பும் என்.எம்.மும் பம்பாயில் பிடிபட்டு இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நண்பரின் முதல் பென்சில் கோடு இந்த இடத்தில்தான் விழுந்தது.

போர் முடிந்ததும் கட்சி இரண்டாக உடைந்தது. பிலிப்பும் என்.எம்.மும் ஒரு பக்கம். கொல்வினும் லெஸ்லியும் எட்மண்டும் மறுபக்கம். உடைவின் கோட்பாட்டுக் காரணங்களைப் பலமுறை வாசித்திருக்கிறேன். தனிமனிதர்களுக்கிடையிலான கசப்பே அதில் பாதிக்கு மேல் என்பது என் எண்ணம். அப்படி உடைந்த நிலையிலும் 1947 பொது வேலைநிறுத்தத்தை நடத்தினார்கள். அந்த ஜூனில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர். பெரியப்பா கொழும்புக்கு வேலைக்கு வந்த காலம் அதை ஒட்டியது. கொழும்பு அலுவலகங்களில் இருந்த தமிழ் இளைஞர்களுக்குச் சிங்களத் தொழிலாளர் கட்சி ஒன்றின் மேல் ஏன் அவ்வளவு பற்று என்று இப்போதைய தலைமுறை என்னிடம் கேட்கும்போது நான் கந்தசாமியின் பெயரைத்தான் சொல்வது. அந்த ஆண்டுத் தேர்தலில் 95 தொகுதிகளில் இரண்டு பிரிவுகளும் சேர்ந்து 15 ஆசனங்களை வென்றன, கம்யூனிஸ்டுகள் 3. தோட்டத் தொழிலாளர்கள் இலங்கை இந்தியக் காங்கிரசைத் தெரிவுசெய்தனர். தங்கள் வேட்பாளர் இல்லாத தொகுதிகளில் அவர்களின் வாக்குகள் பலவும் இடதுசாரிகளுக்கு விழுந்தன.

வலதுசாரிகள் அதைக் கவனித்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே டி.எஸ். சேனநாயக்கவின் அரசு பிரசாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தியது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினரான மலையகத் தமிழர் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆயினர். பாராளுமன்றத்தில் சமசமாஜிகள் அதை எதிர்த்துப் பேசிய உரைகளை இன்று வாசித்தாலும் சூடு ஆறவில்லை. ஹிட்லரோடு செத்துப்போயிருக்க வேண்டிய இனவாதம் இது என்ற பொருளில் என்.எம். பேசினார். எதிர்ப்பு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் நிறைவேறிய பின் அந்த உண்மையான எதிர்ப்பு என்ன செய்தது என்பதுதான் கேள்வி. ஓர் ஆண்டுக்கு முன் கொழும்பைப் பொது வேலைநிறுத்தத்தால் நிறுத்தத் தெரிந்தவர்கள், இதற்காக அதை நிறுத்தவில்லை. சட்டம் மலையகத்தாரின் வாக்கைப் பறித்தபோது கட்சியின் வருங்காலத்தையும் சேர்த்தே பறித்தது. அதற்குப் பிறகு கட்சியின் வெற்றியும் தோல்வியும் தென்மேற்குச் சிங்களத் தொகுதிகளின் வாக்காளர் கையில் மட்டும் இருந்தன. சமசமாஜிகள் எப்போது மாறினார்கள் என்று கேட்பவர்கள் 1964 என்றோ 1972 என்றோ சொல்வார்கள். அவர்களை மாறவைத்த கணக்கு 1949இலேயே போடப்பட்டுவிட்டது என்பதுதான் நான் இத்தனை காலம் வாசித்து வந்தடைந்த முடிவு.

கணக்கு உடனே வேலை செய்யவில்லை. இடையில் கட்சியின் மிக உயர்ந்த நாள் ஒன்று வந்தது. 1953இல் நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன மானியத்தை வெட்டியதால் கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் என்று இடதுசாரிகள் அறிவித்தார்கள். கடை அடைக்கும் ஒருநாள் எதிர்ப்பாகத்தான் அதைத் தலைவர்கள் நினைத்திருந்தார்கள்; மக்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். மேற்கு, தெற்குக் கரையோரம் நெடுகிலும் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, மரங்கள் வீதியில் சரிந்தன, பொலிஸ் சுட்டது, உயிர்கள் போயின. துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். நண்பரின் இரண்டாவது பென்சில் கோடு. அன்று அரசாங்கமே ஆட்டங்கண்டபோது கட்சி மறுநாளுக்கு எந்தத் திட்டமும் வைத்திருக்கவில்லை என்பதைப் பிற்காலத்துத் திரொட்ஸ்கியவாதிகள் பெருங்குற்றமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது வேறொன்று. அந்தக் கோபத்தை அறுவடை செய்தது ஹர்த்தாலில் கலந்துகொள்ளாத, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் தலைவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. மக்கள் அரிசிக்காக எழுந்தார்கள்; மூன்று ஆண்டுகளில் அந்த எழுச்சி மொழியின் பெயரில் வாக்குப்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

மொழிப் பிரச்சினையில் கட்சி நின்ற நிலையை எந்தத் தமிழரும் மறக்கக்கூடாது. கட்சியைச் சாடும் தமிழர்கள் குறிப்பாக மறக்கக்கூடாது. ஐக்கிய தேசியக் கட்சியும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் சிங்களம் மட்டும் என்று போட்டியிட்டுக் கத்திய காலத்தில், சிங்கள வாக்குகளை நம்பியிருந்த ஒரு கட்சி இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்று சொன்னது. 1955 அக்டோபரில் கொழும்பு நகர மண்டபத்தில் அதற்காகக் கூட்டிய கூட்டம் காடையரால் தாக்கப்பட்டது. 1956இல் தனிச்சிங்களச் சட்ட விவாதத்தில் கொல்வின் சொன்ன வாக்கியம் எங்கள் ஊர்த் திண்ணைகள்வரை வந்து சேர்ந்தது: "ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு." சின்னஞ்சிறு நாடு ஒன்று கிழிந்து, குருதி சிந்தும் இரண்டு குட்டி நாடுகளாகப் போகலாம் என்றும் அவர் எச்சரித்தார். அப்போது அந்தச் சபையில் என்.எம். எதிர்க்கட்சித் தலைவர், கட்சிக்கு 14 ஆசனங்கள். போருக்குப் பின் உடைந்த இரு பிரிவுகளும் மீண்டும் ஒன்றானபோது பிலிப் பிரிந்துபோய், இப்போது பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தார். நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து குத்தகை விவசாயிகளுக்குப் பெருநன்மை செய்தவர் அவர். அதே கையால் தனிச்சிங்களத்துக்கும் வாக்களித்தவர். மலையகத் தொழிலாளரை மனிதராக மதித்த இயக்கத்தின் மூலவரே முதலில் திரும்பினார் என்பதைப் பலர் சொல்லாமல் விடுவதால் கட்சியின் கதை கொல்வினின் கதையாக மட்டும் சுருங்கிவிடுகிறது.

இனி 1960 மார்ச். அதிகம் பேசப்படாத இந்தத் தேர்தலில்தான் என் பார்வையில் கட்சி உள்ளே முறிந்தது. பண்டாரநாயக்க கொலையுண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய கட்சி தலைமையின்றித் தடுமாறியது. ஐக்கிய தேசியக் கட்சி இன்னும் 1956இன் தோல்வியிலிருந்து எழவில்லை. இதுதான் எங்கள் நேரம் என்று சமசமாஜிகள் நம்பினார்கள். நூறளவு வேட்பாளர்களை நிறுத்தி, சமசமாஜ அரசாங்கம் அமைப்போம் என்று நாடெங்கும் சொல்லிக்கொண்டு போனார்கள். 151 தொகுதிகளில் கிடைத்தவை 10. பிரிந்துபோன பிலிப்பின் கட்சிக்கும் அதே 10. முந்தைய தேர்தலைவிட நான்கு ஆசனம் குறைவு. இருபத்தைந்து ஆண்டுச் சிறையும் தலைமறைவும் பருப்பும் ஹர்த்தாலும் இவ்வளவுதானா என்று ஐம்பத்தைந்து வயதை நெருங்கிய என்.எம். கேட்டிருக்கக்கூடும். இது என் ஊகம்தான்; ஆனால் அடுத்து அவர் நடந்துகொண்ட வேகம் அந்த ஊகத்துக்கு இடம் தருகிறது. சில வாரங்களிலேயே சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து ஆட்சியமைக்கத் தயாராக வேண்டும் என்ற யோசனையைக் கட்சி மாநாட்டின் முன் வைத்தார். ஜூலையில் மீண்டும் தேர்தல் வந்தபோது கணவரின் இடத்துக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கட்சியோடு போட்டி தவிர்ப்பு உடன்பாடு செய்து 12 ஆசனங்கள் வென்றார்கள். அந்த உடன்பாட்டின் உதவியோடு வந்த அரசுதான் 1961 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து தனிச்சிங்களச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தியது.

பெரியப்பாவிடம் ஒருமுறை, அவர் ஓய்வுபெற்று நெடுங்காலம் ஆன பின், கட்சி எப்போது கைவிட்டது என்று கேட்டேன். "கைவிட்டதெண்டு சொல்லேலாது தம்பி. அவையள் ஆக்களை எண்ணத் தொடங்கினவை. எண்ணினா எங்கட தொகை குறைவுதானே" என்றார். பிறகு தேநீர் கேட்டார்.

1963இல் மூன்று இடதுசாரிக் கட்சிகளும் இணைந்து, ஹர்த்தால் நினைவு நாளான ஆகஸ்ட் 12ஆம் திகதி, ஐக்கிய இடது முன்னணியை அமைத்தன. தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்று 21 கோரிக்கைகளை முன்வைத்தன. அது கனியுமுன்பே, 1964 ஜூன் மாநாட்டில், அரசாங்கத்தில் சேர்வது என்ற என்.எம்.மின் தீர்மானம் 501 வாக்குகளால் வென்றது. கொல்வினும் லெஸ்லியும் நின்ற நடுப்பகுதிக்கு 75, எதிர்த்த இடது அணிக்கு 159. கொல்வின் அன்று தயங்கியவர் என்பதையும், தயங்கியவர் கட்சியைவிட்டு வெளியேறவில்லை என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும். எட்மண்ட் சமரக்கொடியும் தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்புவும் வெளியேறினார்கள்; திரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் கட்சியை நீக்கியது. என்.எம். நிதி அமைச்சரானார்.

அந்த ஆட்சி ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு வாக்கால் தோற்றது. தோற்கடித்த வாக்குகளில் எட்மண்டுடையதும் ஒன்று. ஆனால் அந்தக் குறுகிய காலத்துக்குள் அக்டோபர் 30 வந்து போயிற்று. அன்று புதுடில்லியில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்றாயிற்று. தேயிலை மூட்டைகளைப் பங்கிடுவது போன்ற அந்தக் கணக்கில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழ்ந்த ஒரு மனிதரின் விருப்பமும் கேட்கப்படவில்லை. அப்போதைய அமைச்சரவையில் இருந்தவர், 1948இல் ஹிட்லரின் பெயரைச் சொல்லி எதிர்த்த அதே என்.எம். நாற்பத்தெட்டில் வாக்கைப் பறித்தவர்கள் எதிரிகள். அறுபத்துநான்கில் ஆளையே பிரித்தபோது அந்த மேசையைச் சுற்றித் தோழர்களும் இருந்தார்கள்.

அடுத்து வந்தது வடை. 1965இல் டட்லி தமிழரசுக் கட்சியின் ஆதரவோடு ஆட்சியமைத்தார். பிலிப் இந்தமுறை அவருடைய அமைச்சரவையில். தமிழ் மொழியின் வரையறுக்கப்பட்ட பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகளை அரசு 1966 ஜனவரி 8ஆம் திகதி பாராளுமன்றத்தில் வைத்தபோது, சுதந்திரக் கட்சியும் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் வேலைநிறுத்தமும் எதிர்ப்பு ஊர்வலமும் நடத்தினார்கள். பொலிஸ் சூட்டில் இளம் பிக்கு ஒருவர் இறந்தார். அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. "டட்லிகே படே மசாலவடே" என்பது அக்காலத்து இடதுசாரி ஊர்வலங்களின் கோஷம்: டட்லியின் வயிற்றுக்குள் மசாலா வடை. தமிழரோடு உடன்பாடு செய்தவர் தமிழர் பண்டத்தைத் தின்றவர் என்பது அதன் நகைச்சுவை. பூவரசம்பூவைப் பேரரசுக்கு எதிராக நிறுத்திய கற்பனை வளம் முப்பதாண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பெரியப்பா அந்தக் கோஷத்தைத் தம் அலுவலக யன்னலில் நின்று கேட்டார். எத்தனையோ மேதினங்களில் அவர் கேட்டுப் பழகிய குரல்களும் அதில் இருந்தன.

1970இல் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. சுதந்திரக் கட்சிக்கு 91, சமசமாஜிகளுக்கு 19, கம்யூனிஸ்டுகளுக்கு 6. கட்சி வரலாற்றில் அதுதான் மிக உயர்ந்த ஆசன எண்ணிக்கை. என்.எம். மீண்டும் நிதி, லெஸ்லி போக்குவரத்து, கொல்வினுக்குப் பெருந்தோட்டமும் அரசியலமைப்பு விவகாரமும். மறு ஆண்டே, வேலையற்ற சிங்கள இளைஞர்கள் மக்கள் விடுதலை முன்னணியின் கீழ் ஆயுதமெடுத்தபோது, ஒருகாலத்தில் புரட்சியைப் போதித்தவர்கள் அதை நசுக்கும் அரசின் அமைச்சர்களாக இருந்தார்கள்.

இங்கே பெரியப்பாவின் மௌனத்துக்கு வருகிறேன். செ. கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசாங்க உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்ததால் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த, சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் காட்டி அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. உயர் நீதிமன்றம் அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று சொல்லித் தள்ளியது. 1969இல், அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் கோமறைக் கழகம், வழக்காட முடியும், ஆகவே அரசியலமைப்புக் கேள்வியை விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. தனிச்சிங்களச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வி நீதிமன்றத்தின் வாசலில் நின்றது. தமிழ் எழுதுவினைஞர்கள் அந்த வழக்கின் ஒவ்வொரு தவணையையும் பின்தொடர்ந்தார்கள். பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். தீர்ப்பு வரவேயில்லை. 1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் 6ஆம் பிரிவிலும், சிங்களமே அரச கரும மொழி என்பது 7ஆம் பிரிவிலும் இருந்தன. சாதாரண சட்டமாக இருந்தது அரசியலமைப்பாயிற்று. அதை வரைந்து நிறைவேற்றிய அமைச்சர் கொல்வின்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். முடியாட்சியோடிருந்த கடைசித் தொடர்பை அறுப்பது அந்தத் தலைமுறையின் வாழ்நாள் கனவு. 29ஆம் பிரிவு 1948இல் மலையகத்தாரைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. அந்தப் பிரிவை வைத்து வழக்காடி அவர்கள் கோமறைக் கழகம்வரை போய்த் தோற்றிருந்தார்கள். பௌத்தத்துக்கான பிரிவு கூட்டணியின் பெரிய கட்சி கேட்டது, கொல்வின் மனமுவந்து எழுதியதல்ல என்று அவரை அறிந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் 91இன் பக்கத்தில் நின்ற 19 எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்று எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட ஆவணம் அது. நண்பரின் மூன்றாவது பென்சில் கோட்டுக்கு என்னிடம் உள்ள விளக்கம் இவ்வளவே.

பிறகு எல்லாம் விரைவாக முடிந்தது. 1973, 74ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மலையக லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. நிதியும் பெருந்தோட்டமும் சமசமாஜிகளின் பொறுப்பில் இருந்தன. 1975 ஆகஸ்டில் ஹர்த்தால் நினைவுக் கூட்டத்தில் என்.எம். சுதந்திரக் கட்சியைக் குறைகூறிப் பேசினார் என்ற காரணத்தைக் காட்டி அடுத்த மாதமே சிறிமாவோ அவர்களை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 1977 தேர்தலில் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1979இல் என்.எம். காலமானார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கொல்வினின் வாக்கு நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை.

நண்பர் கோடிட்டிருக்க வேண்டிய ஐந்தாவது இடத்தை நான் நாவலில் எழுதியிருக்கவில்லை. 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் தெற்கில் ஆதரித்த சிறு கூட்டத்தில், எல்லாவற்றையும் இழந்திருந்த பழைய இடதுசாரிகளும் இருந்தார்கள். அந்த ஆதரவுக்காக அவர்களில் பலரை மக்கள் விடுதலை முன்னணியினர் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் 13ஆம் திருத்தம் நிறைவேறி, தமிழும் அரச கரும மொழி என்று சட்டத்தில் ஏறியது. கொண்டுவந்தவர் 1953இல் கொத்து அரிசியை 70 சதமாக்கிய ஜே.ஆர். ஜயவர்தன. சிங்கள வாக்காளர் 1977இல் சமசமாஜிகளை வெளியே அனுப்பிவிட்டிருந்ததால், அதற்குக் கையுயர்த்த அந்தச் சபையில் ஒரு சமசமாஜியும் இருக்கவில்லை. கொல்வின் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு வயது 80.